ராடில் கடையும் கியரை பவுடர் மெட்டலர்ஜிக்கு மாற்றலாமா?

பல்சக்கரம்24:
வணக்கம். லேத், ஹாப்பிங் (பல் வெட்டுதல்) வழியில் செய்துவரும் ஒரு கியரை, உலோகத்தூளை டையில் அழுத்தி உலையில் சுட்டு இறுக்கும் (சின்டரிங்) முறைக்கு மாற்றுவது பற்றிக் கருத்து வேண்டும்.

மாட்யூல் 1.5, 24 பல், வெளிவிட்டம் 39 மிமீ, பல் அகலம் 10 மிமீ. ஒரு பக்கம் மட்டும் 24 மிமீ விட்டத்தில் 12 மிமீ நீள ஹப், ஆக மொத்த உயரம் 22. துளை 12 மிமீ, எச்7 (18 மைக்ரான் டாலரன்ஸ்), அதில் 4 மிமீ கீவே. ஹப்பின் பக்கவாட்டில் செட் ஸ்க்ரூவுக்கு எம்5 மரை. பல்லும் ஹப்பும் சேரும் இடத்தில் 2 மிமீ அகல அண்டர்கட். பொருள் 0.45 சதவீதக் கார்பன் ஸ்டீல், ஹார்டனிங் கிடையாது, மேலே துத்தநாக முலாம். டார்க் 6 நியூட்டன் மீட்டர், நின்று நின்று ஓடும் வேலை, மூடிய இடத்துக்குள். வருடத்துக்கு 40,000.

டிராயிங்கை அப்படியே கொடுத்தால் வருமா? பலம் போதுமா? எச்7 கிடைக்குமா?

அச்சும்_அழுத்தமும்:
வரும், ஆனால் இந்த டிராயிங்கில் வராது. கடைவதற்காக வரைந்ததை அப்படியே தூளுக்குக் கொடுப்பதில்தான் இந்த முறையின் பாதித் தோல்விகள் தொடங்குகின்றன.

முதலில் லாபத்தைச் சொல்கிறேன். 40 மிமீ ராடில் 24 மிமீ வெட்டினால் சுமார் 237 கிராம். முடிந்த கியர் ஏறக்குறைய 103 கிராம். பாதிக்கு மேல் சிப்ஸாகப் போகிறது. தூளில் 95 சதவீதத்துக்கு மேல் பாகத்திலேயே நிற்கும். பல், துளை, கீவே மூன்றும் ஒரே அழுத்தில் வந்துவிடும், ஹாப்பிங்கும், கீவே வெட்டும் புரோச்சிங்கும் இல்லை. இந்த அளவுப் பாகம் மணிக்குச் சில நூறு சாதாரணமாக விழும்.

இனி வடிவம். டைக்குள் பஞ்ச் (தூளை அழுத்தும் தண்டு) மேலிருந்தும் கீழிருந்தும் மட்டும்தான் வரும், பாகமும் அதே மேல்-கீழ்த் திசையில்தான் வெளியேற வேண்டும். அதனால்:

அண்டர்கட் அழுத்தத்தில் வராது. அது ஹாப் வெளியேற வைத்த இடம் என்றால் இப்போது தேவையே இல்லை, எடுத்துவிடுங்கள். அந்த மூலையில் குறைந்தது 0.5 மிமீ ரேடியஸ் கொடுங்கள்.

பக்கவாட்டு எம்5 துளையும் வராது. சின்டரிங்குக்குப் பிறகு துளையிட்டு மரை போடலாம், ஆனால் அது தனிச்செலவு. துளையை டி-வடிவமாக்கினாலோ கீவேயுடன் ஷாஃப்டில் சர்க்ளிப் வைத்தாலோ செட் ஸ்க்ரூ தேவைப்படாது. துளைக்காக டையின் நடுவில் நிற்கும் கோர் ராடு எந்த வடிவமோ அந்த வடிவத்தில் துளை வந்துவிடும், அதற்குக் கூடுதல் செலவு கிடையாது.

சேம்ஃபர்களைக் கூர்மையாக முடிக்காதீர்கள். 45 டிகிரி சேம்ஃபர் கூர்மையாக முடிந்தால் பஞ்சின் விளிம்பு கத்தி போலாகிச் சீக்கிரம் உடையும். 0.2 மிமீ சமதளம் விட்டு முடியுங்கள். கீவே மூலைகளுக்கு 0.3 ரேடியஸ்.

அழுத்தப் பரப்பு பிட்ச் விட்டம் 36-ஐ வைத்துக் கணக்கிட்டால் சுமார் 905 சதுர மிமீ. 600 மெகாபாஸ்கலில் 55 டன் வேண்டும். 100 டன் பிரஸ் தாராளம்.

கடைசல்:
40,000 எண்ணிக்கைக்கு டை போடுவது கட்டுப்படியாகுமா என்பதையும் பார்க்கணும். கார்பைடு டை, மேல் பஞ்ச், இரண்டு கீழ் பஞ்ச், கோர் ராடு, எல்லாம் சில மைக்ரான் இடைவெளியில் ஓடணும். ஆயிரம் இரண்டாயிரம் என்றால் கணக்கிலேயே வராது. பத்து, இருபது ஆயிரத்துக்கு மேல்தான் பேச்சு தொடங்கும். இங்கே ஒரே வடிவம் பல வருடம் தொடருமா என்பதுதான் கேள்வி. நடுவில் பல் எண்ணிக்கை மாறினால் டையும் பஞ்சும் முழுசாகப் போச்சு. சிஎன்சியில் புரோகிராம் மாற்றுவது போல இங்கே முடியாது.

நுண்துளை:
பலத்துக்கு வருகிறேன். இந்த முறையில் எல்லாமே அடர்த்தியைச் சுற்றித்தான் சுழல்கிறது. முழு இரும்பு 7.86 கிராம்/கன செமீ. நாம் அழுத்திச் சின்டர் செய்வது 6.6 முதல் 7.1 வரை. 6.7 என்றால் கிட்டத்தட்ட 15 சதவீதம் காற்று. இழுவிசைப் பலம் ஓரளவு குறையும். நீட்சியும் மோதல் தாங்கும் திறனும் மிக அதிகமாகக் குறையும். 2 சதவீதச் செம்பு, 0.8 கார்பன் உள்ள வழக்கமான கலவை 6.7 அடர்த்தியில் சுமார் 410 மெகாபாஸ்கல் தரும், நீட்சி 1 சதவீதம்கூட இராது. ஆகவே வளைந்து எச்சரிக்காது, நேரே உடையும்.

உங்கள் கியருக்குக் கணக்கு: 6 நியூட்டன் மீட்டரை 18 மிமீ ஆரத்தால் வகுத்தால் பல்லில் விசை 333 நியூட்டன். பல் வேரின் அழுத்தத்தைக் கணக்கிடும் லூயிஸ் சமன்பாட்டில், 24 பல்லுக்கு வடிவக் காரணி 0.337 என்று எடுத்தால் வேர் அழுத்தம் சுமார் 66 மெகாபாஸ்கல். நின்று ஓடுவதால் அதிர்வுக்கு இரண்டு மடங்கு வைத்தால் 132. இந்தப் பொருட்களின் சோர்வு வரம்பு (திரும்பத் திரும்ப வரும் சுமையில் உடையாமல் தாங்கும் அழுத்தம்) பொதுவாக இழுவிசைப் பலத்தில் 38 சதவீதம் அளவு, அதாவது 410-க்கு சுமார் 155. தேறும், ஆனால் தாராளம் இல்லை.

ஒரு எச்சரிக்கை. அந்த 155 பாகத்தின் சராசரி அடர்த்திக்கு உரியது. பல் குறுகலானது, தூள் அங்கே முழுதாக இறங்குவதில்லை. பல்லில் அடர்த்தி சராசரியைவிடக் குறைந்தால் கணக்கு அங்கேயே தோற்கும். டிராயிங்கில் “அடர்த்தி 6.8” என்று மட்டும் எழுதினால் போதாது, “பல் பகுதியில் குறைந்தபட்சம்” என்று தனியாக எழுத வேண்டும்.

பல்சக்கரம்24:
மிக்க நன்றி. அண்டர்கட் ஹாப்புக்காக வைத்ததுதான், எடுத்துவிடலாம். செட் ஸ்க்ரூவை விட முடியுமா என்று பார்க்கிறேன். இரண்டு கீழ் பஞ்ச் ஏன்? ஒரே பஞ்சில் படி வெட்டிச் செய்ய முடியாதா? அப்புறம், மிம் (மெட்டல் இஞ்செக்ஷன் மோல்டிங்) முறையில் போனால் அண்டர்கட், குறுக்குத்துளை எல்லாமே வருமாமே?

அச்சும்_அழுத்தமும்:
தூள் திரவம் இல்லை. மேலே அழுத்தினால் பக்கவாட்டில் ஓடி நிரப்பாது. அதனால் ஒவ்வொரு உயரத்துக்கும் அதற்குரிய அளவு தூள் முதலிலேயே அதன் தலைக்கு மேல் நிற்க வேண்டும். கொட்டிய நிலையில் தூளின் அடர்த்தி 3.0 என்று வையுங்கள். 6.8 வேண்டுமானால் நிரப்பு உயரம் 2.27 மடங்கு. பல் பகுதி 10 மிமீக்கு 22.7 மிமீ ஆழம், ஹப் பகுதி 22 மிமீக்கு 50 மிமீ ஆழம். ஒரே பஞ்சில் 12 மிமீ படி வெட்டினால் பல் பக்கம் 22.7 நிரப்பும்போது ஹப் பக்கம் 34.7 மட்டுமே நிரம்பும். அழுத்தி முடித்ததும் பல் 6.8-இல் நிற்க, ஹப் 4.7 சொச்சத்தில் கையால் பிட்டால் உதிரும். படியின் உயரம் மொத்தத்தில் 15 முதல் 20 சதவீதத்துக்குள் இருந்தால்தான் ஒரே பஞ்ச் தாங்கும்.

இரண்டு பஞ்ச் வைத்தாலும் அவை ஒரே விகிதத்தில் நகர வேண்டும். உள் பஞ்ச் முந்திக்கொண்டால் ஹப்பின் தூள் மூலையைத் தாண்டிப் பல் பக்கம் தள்ளப்படும், சரியாக அந்த மூலையில் சறுக்கு விரிசல் விழும். இந்த வடிவத்தில் அதிகம் வரும் குறை இதுதான். இன்னொன்று வெளியேற்றும்போது வருவது: டையிலிருந்து பாதி வெளியே வந்த பாகம் விரிந்துகொள்ளும், மீதி டைக்குள் இறுகி நிற்கும், குறுக்கே அடுக்கடுக்காக மெல்லிய விரிசல். டை வாயில் சின்ன ரேடியஸ் அல்லது சரிவு வேண்டும், மேல் பஞ்ச் லேசான அழுத்தத்துடன் கூடவே வெளியே வர வேண்டும்.

அழுத்தி எடுத்த பச்சைப் பாகத்தில் விரிசல் தேட எளிய வழி: ஆல்கஹாலில் நனைத்து எடுங்கள். மேற்பரப்பு உடனே உலரும், விரிசல் இருந்தால் கோடு மட்டும் ஈரமாகக் கருத்துத் தெரியும். சின்டர் செய்தபின் தேடினால் தாமதம், விரிசல் ஒட்டாது, மறைந்து மட்டும் கிடக்கும்.

நுண்துளை:
மிம் இதற்கு வேண்டாம். அதில் 20 மைக்ரானுக்குக் கீழான நுண்தூளைச் சுமார் 40 கன அளவு சதவீத பைண்டருடன் பிசைந்து இஞ்செக்ஷன் மோல்டிங் போலச் செலுத்துகிறார்கள். பைண்டரை எடுத்தபின் சின்டரில் எல்லாப் பக்கமும் 15 முதல் 20 சதவீதம் சுருங்கும். அடர்த்தி 95 சதவீதத்தைத் தாண்டும், வடிவச் சுதந்திரம் உண்மைதான். ஆனால் அது சின்ன, மெல்லிய, சிக்கலான பாகங்களுக்கு உரியது. உங்கள் கியரில் துளைக்கும் பல்லடிக்கும் நடுவே 10 மிமீக்கு மேல் திண்ணிய உலோகம். அவ்வளவு தடிமனிலிருந்து பைண்டர் வெளியேற நேரம் பிடிக்கும், அவசரப்பட்டால் உப்பும், வெடிக்கும். டாலரன்ஸ் 0.3 சதவீதம் என்றாலே 12 மிமீ துளையில் கூட்டல் கழித்தல் 36 மைக்ரான். எச்7-க்கு மொத்தமே 18 மைக்ரான்தான். தூளின் விலையும் பல மடங்கு.

உலைவாய்:
அழுத்துவதைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள். பாகம் கெடுவது உலையிலும்தான்.

கலவையில் 0.75 சதவீதம் அளவு மெழுகு லூப்ரிகண்ட் இருக்கும். அது முதல் மண்டலத்திலேயே, 500 முதல் 650 டிகிரிக்குள் முழுதாகப் போக வேண்டும். பெல்ட்டை வேகமாக ஓட்டினால் ஆவி உள்ளேயே சிக்கிப் பாகம் கொப்புளிக்கும், அல்லது கரி படிந்து மேற்பரப்பு கருக்கும். கரிப்பொடி பிடித்த பாகம் வந்தால் சின்டர் வெப்பத்தைக் குறை சொல்லாதீர்கள், முதல் மண்டலத்தைப் பாருங்கள். அங்கே கொஞ்சம் ஈரமான வாயு செலுத்தினால் கரி படியாமல் எரிந்துபோகும்.

அடுத்து 1120 டிகிரி, அந்த வெப்பத்தில் 20 முதல் 30 நிமிடம். உலைக்குள் இருந்த மொத்த நேரம் இல்லை, பாகமே 1120-ஐத் தொட்டபின் எண்ணும் நேரம். பெல்ட்டில் அடுக்கி வைத்தால் நடுவில் உள்ளவை பின்தங்கும். உலைக்குள் வாயு 90 முதல் 95 சதவீத நைட்ரஜன், மீதி ஹைட்ரஜன். பனிநிலை (வாயுவின் ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலை) மைனஸ் 40 டிகிரி அல்லது அதற்குக் கீழே. ஈரம் ஏறினால் கார்பன் தோலிலிருந்து போய்விடும், பல்லின் மேற்பரப்பு மென்மையாகும்.

செம்பு 1083 டிகிரியில் உருகி இரும்புத் துகள்களுக்கு இடையே புகும், பாகம் வளரும். கிராஃபைட் அந்த வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும். அதனால் கிராஃபைட் அளவு ஆட்டம் கண்டால் கடினம் மட்டுமில்லை, அளவும் ஆடும். அளவில் லாட்டுக்கு லாட் 0.05 சதவீத மாற்றம் என்றாலும் 36 மிமீயில் 18 மைக்ரான்.

கிராஃபைட் லேசானது, கலவையை ஆட்டினால் பிரியும். கலவையை உயரத்திலிருந்து கொட்டுவது, அரைகுறையாக நிரம்பிய ட்ரம்மை வண்டியில் குலுக்கிக் கொண்டுபோவது இரண்டும் கலந்ததைப் பிரிப்பதற்குச் சமம். பைண்டர் சேர்த்த கலவை வாங்கினால் இந்தத் தொல்லை குறையும்.

பல்சக்கரம்24:
அப்படியானால் எச்7 நேராக உலையிலிருந்து வராது என்று எடுத்துக்கொள்ளலாமா?

அச்சும்_அழுத்தமும்:
வராது. சின்டர் செய்த நிலையில் ஐடி8, ஐடி9 (எச்7-ஐவிடத் தளர்வான டாலரன்ஸ் நிலைகள்) எதிர்பார்க்கலாம். துளைக்கு மட்டும் சைசிங் வையுங்கள், கார்பைடு மேண்ட்ரலைத் தள்ளி எடுத்தால் எச்7 வரும். உயர டாலரன்ஸைத் தளர்த்துங்கள். ஒவ்வொரு அடியிலும் விழும் தூளின் எடை மாறுவது உயரத்திலோ அடர்த்தியிலோதான் வெளிப்படும். 22 மிமீக்கு கூட்டல் கழித்தல் 0.1 கொடுத்தால் யாரும் சிரமப்பட மாட்டார்கள், 0.03 கேட்டால் ஒவ்வொன்றையும் கிரைண்டிங் செய்ய வேண்டிவரும்.

கடைசல்:
எம்5 மரை விட முடியாது என்றால் சில விஷயம். நுண்துளை காரணமாக டூல் ஒவ்வொரு துளைக்கும் மோதி மோதி வெட்டும், ஸ்டீலைவிடச் சீக்கிரம் மழுங்கும். கலவையிலேயே 0.3 முதல் 0.5 சதவீத மாங்கனீஸ் சல்ஃபைடு போடச் சொல்லுங்க, டூல் ஆயுள் நன்றாகவே கூடும். தண்ணீர் கலந்த கூலண்ட் வேண்டாம். உள்ளே இறங்கி வெளியே வராது, இரண்டு வாரத்தில் துருப் புள்ளி. உலர் வெட்டு அல்லது காற்று ஊதல்.

துத்தநாக முலாமும் இதே பிரச்சினைதான். ஆசிடும் உப்புக் கரைசலும் நுண்துளைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், முலாம் முடிந்து சில நாளில் வெள்ளைப்பூ பூக்கும். ரெசின் உள்ளேற்றித் துளைகளை மூடியபின்தான் முலாமே போடணும்.

உலைவாய்:
முலாமே எதற்கு? மூடிய இடத்துக்குள் ஓடுகிற கியர். நீராவிச் சிகிச்சை கொடுங்கள். 500 முதல் 570 டிகிரியில் நீராவியைச் செலுத்தினால் மேலேயும் நுண்துளைகளின் உட்சுவரிலும் மேக்னடைட் படலம் வளரும். நுண்துளை அடைபடும், கடினம் ஏறும், தேய்மானம் குறையும், எண்ணெய் தோய்த்துவிட்டால் துருவும் பிடிக்காது. ரெசின், முலாம் என்று இரண்டு கட்டம் எதற்கு?

நுண்துளை:
உலைவாய் சொல்வதில் பாதிதான் எனக்கு உடன்பாடு. 0.8 கார்பன் கலவைக்கு நீராவி கொடுத்தால் ஏற்கெனவே நொறுங்கும் இயல்புள்ள பாகம் இன்னும் நொறுங்கும். நுண்துளைச் சுவரில் ஆக்சைடு வளரும்போது இழு அழுத்தம் உருவாகி நுண்விரிசல் விடும். கார்பன் 0.5-க்கு மேல் இருந்தால் நீராவி வேண்டாம் என்பதே பொதுவான விதி.

கார்பனை 0.5-க்கு இறக்கினால் 6.7 அடர்த்தியில் இழுவிசைப் பலம் சுமார் 340 ஆகிவிடும், சோர்வு வரம்பு சுமார் 129. நமக்குத் தேவை 132. ஒத்துவராது. அடர்த்தியை 7.1-க்கு ஏற்றினால் திரும்ப 410 கிடைக்கும். ஆக இரண்டு வழி: 0.8 கார்பன், 6.8 அடர்த்தி, ரெசின், முலாம். அல்லது 0.5 கார்பன், 7.1 அடர்த்தி, நீராவி, எண்ணெய்.

உலைவாய்:
ஒப்புக்கொள்கிறேன், கார்பன் வரம்பைச் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டில் இரண்டாவதே எனக்குப் பிடிக்கும். மென்மையான 0.5 கார்பன் சைசிங்குக்கும் ஒத்துழைக்கும். வரிசை முக்கியம்: சின்டர், சைசிங், மரை இருந்தால் மரை, கடைசியில் நீராவி. ஆக்சைடு சில மைக்ரான் வளர்ந்து ஷாஃப்ட் துளையைச் சுருக்கும், சைசிங் மேண்ட்ரல் அளவில் அதற்கு இடம் விடுங்கள்.

அச்சும்_அழுத்தமும்:
7.1 எளிதல்ல என்பதையும் பதிவு செய்கிறேன். சாதாரணமாக அழுத்தினால் 700 மெகாபாஸ்கலை நெருங்கும், பஞ்ச் ஆயுள் குறையும். பல் நுனி போன்ற மெல்லிய இடங்களில் பஞ்ச் உடையும். தூளையும் டையையும் 130 முதல் 150 டிகிரிக்குச் சூடாக்கி அழுத்தினால் அதே அழுத்தத்தில் 0.1 முதல் 0.2 வரை கூடுதல் அடர்த்தி கிடைக்கும், அதற்குரிய லூப்ரிகண்ட் கலவை வேண்டும். இரண்டு முறை அழுத்தி இரண்டு முறை சின்டர் செய்வது 7.2-க்கு மேலும் கொண்டுபோகும், ஆனால் இந்த கியருக்கு அந்தச் செலவு வீண். 7.8-ஐத் தாண்டும் தூள் ஃபோர்ஜிங், கனெக்டிங் ராடு போன்றவற்றுக்கு உரியது.

பல்சக்கரம்24:
நுண்துளை இவ்வளவு தொல்லை என்றால், இந்த முறை மலிவு என்பதற்காக மட்டும்தானா?

நுண்துளை:
இல்லை, நுண்துளையே வேலை செய்யும் இடங்கள் உண்டு. 90 செம்பு 10 வெள்ளீய புஷ்ஷை 6.4 முதல் 6.8 அடர்த்தியில் நிறுத்தி, வெற்றிடத்தில் எண்ணெய் ஏற்றினால் கன அளவில் ஏறக்குறைய 20 சதவீதம் எண்ணெய் உள்ளே நிற்கும். ஷாஃப்ட் சுழன்று சூடானதும் எண்ணெய் கசிந்து படலமாகும், நின்றதும் நுண்குழல் விசையால் உள்ளே திரும்பும். அந்த புஷ்ஷின் ஷாஃப்ட் துளையைக் கூர்மையற்ற டூலால் ரீமர் செய்தால் மேற்பரப்புத் துளைகள் பூசி அடைந்து புஷ் எரிந்துபோகும். டங்ஸ்டன் கார்பைடு டூல்களுக்கு வேறு வழியே இல்லை, கோபால்ட்டுடன் தூளாகவே அழுத்திச் சுமார் 1400 டிகிரியில் சின்டர் செய்ய வேண்டும். டங்ஸ்டன் உருகுவது 3422 டிகிரியில், அதை வார்க்க அச்சு எங்கே இருக்கிறது?

தூசிக்கண்:
யாரும் தொடாத ஒன்று. மாற்றத்தை உங்கள் ஆலைக்குள்ளேயே செய்வதாக இருந்தால் தூசியை முதல் நாளே திட்டமிடுங்கள். இரும்புத்தூள் தானே என்று அலட்சியம் கூடாது. 2011-இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் கேலட்டின் ஊரில் ஒரே இரும்புத்தூள் ஆலையில் மூன்று விபத்துகள், 5 பேர் இறந்தார்கள். மூன்றாவதில் ஹைட்ரஜன் குழாய் கசிந்து வெடித்து, அந்த அதிர்வில் உத்தரங்களில் படிந்திருந்த தூள் உதிர்ந்து தீப்பிடித்தது.

செய்ய வேண்டியவை: உத்தரம், கேபிள் தட்டு மேல் படிவதைக் காற்று ஊதிச் சுத்தம் செய்யக் கூடாது, அது தூசியை மேகமாக்கும். எர்த் செய்த, பொறியற்ற வேக்கம் மட்டும். ஹைட்ரஜனை உலை 760 டிகிரியைத் தாண்டியபின்தான் விட வேண்டும், அதற்கு முன்பும் நிறுத்தும்போதும் நைட்ரஜனால் கழுவ வேண்டும். மின்சாரம் போனால் நைட்ரஜன் தானாகவே திறக்கும் வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். அலுமினியம், டைட்டானியம் தூளுக்கு இதெல்லாம் போதவே போதாது.

பல்சக்கரம்24:
வெளியில் கொடுத்துச் செய்யும் திட்டம்தான். இரண்டாவது வழியில், 0.5 கார்பன், நீராவியுடன் போகிறோம். செட் ஸ்க்ரூவை எடுத்து டி-துளை. முதல் லாட் வந்ததும் எதைச் சோதிக்க வேண்டும்?

நுண்துளை:
அடர்த்தியைத் துண்டு துண்டாகப் பாருங்கள், அதுவும் நீராவிக்கு முன் எடுத்த மாதிரிகளில். ஆக்சைடு எடையைக் கூட்டிக் கணக்கைக் குழப்பும். கியரை வெட்டி, பல் பகுதி, ஹப்பின் நுனி, ஹப்பின் நடு என்று மூன்றாகப் பிரித்து, எண்ணெய் ஏற்றி நீரில் எடை பார்க்கும் முறையில் அளக்கவும். ஹப் நடுவில்தான் இரண்டு பக்க அழுத்தமும் தேய்ந்து அடர்த்தி குறையும். பகுதிகளுக்கு இடையே 0.2-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் நிரப்பு ஆழத்தைத் திருத்தச் சொல்லுங்கள்.

ராக்வெல் எண்ணை ஸ்டீலோடு ஒப்பிடாதீர்கள். இன்டென்டர் துளையையும் சேர்த்தே அமுக்கும், உண்மையான துகளின் கடினம் அதைவிட அதிகம், அது மைக்ரோ கடினச் சோதனையில்தான் தெரியும். மைக்ராஸ்கோப்பில் துளைகளின் மூலை உருண்டிருக்க வேண்டும். கோணல் மாணலாக, துகள் எல்லைகள் வலை போலத் தொடர்ந்து தெரிந்தால் சின்டரிங் போதவில்லை. கரையாத கிராஃபைட் தெரிந்தாலும் அப்படியே.

அச்சும்_அழுத்தமும்:
பத்துப் பாகத்தையாவது பல் உடையும்வரை அழுத்திப் பாருங்கள், உடையும் விசையைக் குறித்துவைத்து அதையே வரும் லாட்களுக்கு ஏற்பு அளவாக டிராயிங்கில் ஏற்றுங்கள். முறிவு பல் வேரில் இருந்தால் சரி. ஹப் மூலையில் இருந்தால் அது பச்சை விரிசல், பிரஸ் செட்டிங்குக்குத் திரும்பிப் போக வேண்டும்.